பரமேஸ்வரி அக்கா மறைத்த ஆண்டுகள்

கூடுவாஞ்சேரி நிலையத்தில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றிருந்தபோது கைப்பேசி அடித்தது. பரமேஸ்வரி அக்காவின் மகள் கயல்விழியின் பெயர் தெரிந்தது. அந்த நேரத்தில் அவள் என்னை அழைப்பதில்லை. "ஆன்ட்டி, அம்மா எழுந்துக்கல" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. வண்டி வந்து என் முன்னால் நின்றது. பெண்கள் பெட்டியிலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் ஏறவில்லை. வெளியே வந்து ஆட்டோ பிடித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

இந்த அலுவலக மலரைப் படிக்கும் உங்களில் பலர் பரமேஸ்வரி அக்காவை அறிவீர்கள். செங்கல்பட்டில் நில அளவைப் பிரிவில் வரைவாளராக இருந்து போன ஆண்டுதான் ஓய்வு பெற்றார். வயது அறுபத்தொன்று. அன்றைக்கு ஆறு வாரங்களுக்கு முன் இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை முடிந்து, வீட்டில் படுத்திருந்தார். தேறி வருகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது கயல் என்னை மாடிக்கு அழைத்துப் போனாள். "அம்மாவப் பத்தி நீங்க எழுதப்போறீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க ஆன்ட்டி. சிரிச்ச முகம், நல்ல மனசு, அதெல்லாம் எழுதுங்க. ஆனா அம்மாவுக்கு முப்பத்தேழு வயசுல பீரியட்ஸ் நின்னு போனதையும் எழுதுங்க. அப்பாகிட்டயும் கேட்டுட்டேன். சரின்னுட்டார்" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். இதில் உள்ள எதுவும் அந்த வீட்டாருக்குத் தெரியாமல் எழுதப்பட்டதில்லை.

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்தவள். அந்தப் பிரிவில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது, அக்காவுக்கு முப்பத்தெட்டு. அக்கா, சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். அந்த ஊர்ப் பேச்சைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. என் பேச்சைக் கேட்டுவிட்டு, "இன்னா மாலதி, பாட்டு பாடற மாதிரியே பேசற" என்பார். வேலையில் மட்டும் விளையாட்டே கிடையாது. புல வரைபடத்தில் எல்லைக்கோடு வரையும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். "நம்ம கை இங்க நடுங்கிச்சின்னா, அங்க ரெண்டு வூடு வெட்டிக்கும்" என்று அவர் சொன்னது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் தெரிந்த இன்னொன்று, மின்விசிறிச் சண்டை. மார்கழி மாதத்திலும் அக்காவுக்கு மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற வேண்டும். எதிர் மேசை சபாபதி அண்ணன் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, "இன்னாம்மா இது, பனி கொட்டிகினு கீது, நீ ஃபேன் போட்டுகினு கீற" என்று கத்துவார். அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். நாங்கள் சேர்ந்து வேலைக்குப் போய்வரும் ரயிலிலும் அப்படித்தான். பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நிறுத்துவார். முகம் சிவந்து, நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை முத்துமுத்தாக அரும்பும். எழுந்து கதவோரம் போய்க் காற்றில் நிற்பார். கொஞ்ச நேரத்தில் குளிர்கிறது என்று திரும்பி வருவார். ரத்தக் கொதிப்பாக இருக்கும் என்றோம் நாங்கள். "சூட்டு உடம்பு எனக்கு" என்றார் அவர். நாற்பதுகூட ஆகாத பெண்ணுக்கு அது வேறு எதுவாகவும் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாதத்தில் மூன்று நாள் கடை இட்லிப் பொட்டலத்தோடு வருவார். அவர்கள் வீட்டில் அந்த வழக்கம் கடுமை. மாதவிலக்கு என்றால் அடுப்பங்கரைக்குள் போகக்கூடாது, தனித் தட்டு, கடைசி அறையில் தனிப் பாய். மாமியார் அதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். "இன்னிக்கு வூட்டுக்குத் தூரம், சமையல்லேந்து லீவு" என்று அக்கா சிரித்துக்கொண்டே பொட்டலத்தைப் பிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

அவருக்கு ஐம்பது வயதான ஆண்டு, ஒரு நாள் பெரிய பெட்டி நிறைய மைசூர்பாகு வாங்கி வந்தார். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "ரிட்டயர் ஆயிட்டேன்" என்றார். சபாபதி அண்ணன் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே, "அதுக்கு இன்னும் பத்து வருஷம் கீதேம்மா" என்றார். "இது வேற டிபார்ட்மென்ட்டு அண்ணாத்த" என்றார் அக்கா. அவர் அவ்வளவு வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் புரிவதற்கு ஐந்து ஆண்டுகள் ஆயின.

இடையில் மணிக்கட்டு முறிந்தது. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு. மழை பெய்து ஈரமாக இருந்த நடைமேடையில் லேசாக வழுக்கியது, கையை ஊன்றினார், அவ்வளவுதான். நானும் அவருடைய கணவர் தணிகாசலமும் மருத்துவமனையில் இருந்தோம். எக்ஸ்-ரேயைப் பார்த்த எலும்பு மருத்துவர், இவ்வளவு சின்ன விழுகைக்கு இப்படி உடையாதே என்று சொல்லிவிட்டு, "உங்களுக்கு மாதவிடாய் எப்ப நின்னதும்மா?" என்று கேட்டார். அக்கா தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார். தணிகாசலம் பையைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றிருந்தார். "ரெண்டு வருஷம் ஆவுது சார். அம்பதுல" என்றார் அக்கா. மருத்துவர் தலையாட்டிவிட்டுச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார்.

பிறகு மூன்று ஆண்டுகள் கழித்து, அலுவலக நண்பர் ஒருவரின் மகன் திருமணம் மாமல்லபுரத்தில் நடந்தது. சாப்பாடு முடிந்து, கூட்டத்திலிருந்து தப்பித்து நாங்கள் இருவரும் கடற்கரைக்குப் போனோம். எனக்கு அன்று பேச வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது.

"அக்கா, ரெண்டு மாசமா வரலக்கா."

"பயமா கீதா?"

"பையன் பிளஸ் டூ படிக்கிறான். இந்த வயசுல போய்..."

"கிட்டு வாங்கிப் பாத்தியா?"

"பாத்தேன். இல்லன்னுதான் காட்டுது."

"அப்போ நிக்கப் போவுது, அவ்ளோதான். நாப்பத்தஞ்சு வயசுல இப்டித்தான் முன்ன பின்ன ஆவும். ரெண்டு மாசம் வராது, மூணாவது மாசம் கொட்டித் தீக்கும். தூக்கம் வராது. காரணமே இல்லாம அழுகை வரும். புருஷன் மேல எரிஞ்சு வுழுவ. எதுக்கும் டாக்டர ஒரு தபா பாத்துடு. பேஜாரு ஆவாத."

"உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா? உங்களுக்கு அம்பதுலதானே நின்னுச்சு?"

சங்கு மாலை விற்கிற பெண் ஒருத்தி வந்து எங்கள் முன் குனிந்தாள். அக்கா வேண்டாம் என்று கையை ஆட்டி அனுப்பினார். அவள் தூரம் போகும்வரை காத்திருந்துவிட்டு, "எனக்கு முப்பத்தேழுல நின்னு போச்சு மாலதி" என்றார்.

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கயல் பிறந்து பத்து வருடம் ஆகியும் அடுத்தது தங்கவில்லை. ஒரு பேரன் வேண்டும் என்று மாமியார் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார். அந்த நேரத்தில்தான் மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய், ஒரேயடியாக நின்றது. கர்ப்பம் என்றுதான் முதலில் நினைத்தாராம். யாருக்கும் சொல்லாமல் செங்கல்பட்டில் ஒரு பெண் மருத்துவரிடம் போனார். இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த மருத்துவர் விளக்கினார். சினைப்பைகள் வேலையை நிறுத்திவிட்டன. பொதுவாக ஐம்பதை ஒட்டி நடப்பது சில பெண்களுக்கு நாற்பதுக்கு முன்பே நடந்துவிடுகிறது. காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை. சில குடும்பங்களில் தாய்க்கும் மகளுக்கும் தொடர்ந்து வரும். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு இவ்வளவு சீக்கிரம் குறைந்தால் எலும்பும் இதயமும் கெடும், அதனால் ஐம்பது வயதுவரை ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டும்.

"சாப்ட்டீங்களா?"

"ஒரு வருஷம் சாப்ட்டேன். ஆபீஸ் டிராயர்ல வச்சிகினு. அது சாப்ட்ட வரைக்கும் மாசாமாசம் வந்துச்சு தெரியுமா? ஒரு ஒருதபா, அந்த டாக்டரம்மா சொன்னது பொய்யோன்னுகூட நெனப்பேன். அப்பறம் எதிர் வூட்டுப் பொண்ணுக்கு மார்ல புத்துநோய் வந்துச்சு. இந்த மாதிரி மாத்திரையாலதான்னு தெருவுல பேசிகினாங்க. பயந்துட்டேன். டாக்டரம்மாகிட்ட போய் கேக்கறதுக்கும் வெக்கம். நிறுத்திட்டேன்."

மாத்திரையை நிறுத்தியதும் ரத்தப்போக்கும் நின்றது. ஒரு மாதம் தள்ளினாலே மாமியாரின் முகத்தில் ஆசை வந்துவிடும். அந்த ஆசையை வளர விட்டால், கொஞ்ச நாளில் மருத்துவரிடம் கூட்டிப்போவார்கள். உண்மை வெளியே வந்துவிடும். அதனால் அக்கா மாதாமாதம் அவராகவே 'தூரம்' ஆனார். தனித் தட்டு எடுத்தார். கடைசி அறையில் பாய் விரித்தார். மூன்றாம் நாள் தலைக்குக் குளித்தார். ஐம்பது வயதுவரை இப்படியே நடத்தினார்.

"இல்லாததுக்கு லீவு எடுத்தவ இந்த ஜில்லாலயே நான் ஒருத்திதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாமாகிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா? அவரு நல்லவருதான். அவுங்கம்மா வார்த்தைக்கு எதிர் வார்த்தை பேசத் தெரியாத நல்லவரு. என் நாத்தனார் வூட்டு வழில அப்பவே ஒரு பொண்ணப் பத்திப் பேச்சு வந்துச்சு. நான் சமையக்கட்டுல இருந்தே கேட்டேன்."

பிறகு நான் கேட்டேன். "சில குடும்பத்துல மகளுக்கும் வரும்னாங்களே. கயலுக்கு இது தெரியுமா?"

அக்காவின் கை மணலில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. "எங்கம்மாக்கு எப்ப நின்னுச்சின்னு எனக்கே தெரியாது மாலதி. நான் கேக்கல. எங்கம்மாவும் சொல்லல" என்றார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

கயலுக்கு அப்போது முப்பது வயது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழில்பேட்டையில் கணினி வேலை. அவள் கணவன் அருண் நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் பொறியாளன். அங்கேயே கடலை ஒட்டி வீடு எடுத்திருந்தார்கள். திருமணமாகி மூன்று ஆண்டுகள். பதவி உயர்வு வந்த பிறகு குழந்தை என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். மகளிடம் சொன்னால் தன் கணவருக்கும் தெரிந்துவிடும், பன்னிரண்டு ஆண்டு நாடகமும் வெளியே வந்துவிடும் என்பது அக்காவுக்குத் தெரியும். சில வாரங்கள் தூங்காமல் கிடந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கூட வா மாலதி, தனியா போனா பாதி வழில திரும்பிடுவேன்" என்று என்னையும் நெம்மேலிக்கு அழைத்துப் போனார்.

அருண் வேலைக்குப் போயிருந்தான். கயல் எங்களுக்கு நண்டு சமைத்து வைத்திருந்தாள். அக்காவால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "உனக்கு மாசாமாசம் ஒயுங்கா வருதா?" என்று கேட்டார்.

கயல் என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள். "என்னம்மா கேள்வி இது? ஒரு வருஷமா கொஞ்சம் முன்ன பின்னதான் வருது. நைட் ஷிஃப்ட்னாலன்னு விட்டுட்டேன்."

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். கயல் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் தட்டை ஒதுக்கி வைத்தாள். அவள் கேட்ட கேள்வியை நாங்கள் இருவருமே எதிர்பார்க்கவில்லை.

"அப்ப அந்த ரூம்ல படுத்துக்குவியே, அதெல்லாம் பொய்யாம்மா? ஒம்பதாவது படிக்கறப்போ எனக்கு டைபாய்டு வந்துச்சு. அம்மாகூடதான் படுப்பேன்னு அழுதேன். பாட்டி தொடக்கூடாதுன்னு இழுத்துனு போய்ட்டாங்க. நீ கதவுகிட்ட உக்காந்து பாத்துகினே இருந்த. அன்னிக்கு உனக்கு ஒண்ணுமே இல்லையா?"

அக்கா, "இல்ல கண்ணு" என்றார்.

கயல் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் பேருந்து ஏறிக் கூடுவாஞ்சேரி வந்து சேரும்வரை அக்கா என் கையை விடவில்லை.

அன்று மாலையே கணவரிடமும் சொல்லிவிட்டார். மறுநாள் ரயிலில் எனக்குச் சொன்னார். தணிகாசலம் முதலில் நம்பவில்லையாம். பிறகு, "எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு இன்னா பயம்?" என்று கேட்டாராம். "சொல்லியிருந்தா உங்கம்மா உங்களுக்கு இன்னொருத்தியக் கட்டி வச்சிருப்பாங்க. நீங்க வேணாம்னு சொல்லியிருப்பீங்களா?" என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்து, பேசாமல் சாப்பிட்டார். பல வாரங்கள் அந்த வீட்டில் பேச்சு இல்லை.

கயல்தான் முதலில் கூப்பிட்டாள். மருத்துவரைப் பார்க்க நாள் குறித்திருப்பதாகவும், குடும்ப விவரம் கேட்பார்கள் என்பதால் அம்மா வரவேண்டும் என்றும் மட்டும் சொன்னாள். அக்கா என்னையும் கூப்பிட்டார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் முடிந்து மருத்துவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். பெண் பிறக்கும்போதே அவளுடைய முட்டைகள் அத்தனையும் சினைப்பையில் இருக்கின்றன, புதிதாக உண்டாவதில்லை, வயது ஏற ஏற எண்ணிக்கையும் தரமும் குறையும் என்றார். கயலுக்கு முப்பது வயதிலேயே, நாற்பதைத் தாண்டியவர்களிடம் இருக்கும் அளவுதான் மிச்சம் இருந்தது.

"எங்கிட்டேந்து வந்ததா டாக்டர்?" என்றார் அக்கா.

"வந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

"நான் முன்னாடியே சொல்லியிருந்தா?"

மருத்துவர் ஸ்கேன் தாளை மேசையில் வைத்தார். "இருபத்தஞ்சு வயசுல பாத்திருந்தா வழி இன்னும் கொஞ்சம் இருந்திருக்கும். முட்டைய எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கலாம். சீக்கிரமே குழந்தைக்கு முயற்சி பண்ணியிருக்கலாம். இப்பவும் முயற்சி பண்ணலாம்மா. ஆனா நாள் கடத்தாதீங்க."

பிறகு அவர் அக்காவின் பக்கம் திரும்பி, "நீங்க என்ன மருந்து எடுத்துக்கறீங்க?" என்று கேட்டார். "நானா? எனக்கு இன்னா?" என்றார் அக்கா. எலும்பு அடர்த்திப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார்கள். முடிவைப் பார்த்தபோது, அக்காவின் எலும்பு எழுபதைத் தாண்டிய மூதாட்டியின் எலும்பு போல் இருந்தது. எதிர் வீட்டுப் பெண்ணின் புற்றுநோயைப் பற்றியும் அன்றுதான் அவர் வாய்விட்டுக் கேட்டார். அந்தச் சின்ன வயதில், உடம்பில் இயல்பாக இருந்திருக்க வேண்டிய ஹார்மோனைத்தான் மாத்திரையாகக் கொடுப்பது, அதற்கு அவ்வளவு பயந்திருக்க வேண்டியதில்லை என்றார் மருத்துவர். "ஒரு கேள்வி, மாலதி. வெக்கப்படாம ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும்" என்று வெளியே வந்து அக்கா என்னிடம் சொன்னார்.

கயலுக்கு உடனே சிகிச்சை தொடங்கியது. ஊசிகள், ஸ்கேன், விடுப்பு, மறுபடி ஊசி. முதல் முறை கரு தங்கியது. அக்கா அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வரைபடப் பலகையில் குனிந்து முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்ததைச் சபாபதி அண்ணன்கூடக் கவனித்தார். மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது.

கயல் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அக்கா நெம்மேலிக்குப் போனார். அதுவரை மகள் அவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. போனவர் ஒன்றும் கேட்காமல், படுத்திருந்த மகளின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். கயல் முதலில் சுவரைப் பார்த்தே கிடந்திருக்கிறாள். பிறகு திரும்பி, காலைத் தூக்கி அம்மாவின் மேல் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாளாம். "அம்மா அசையவே இல்ல ஆன்ட்டி. நான் எழுந்து பாக்கறேன், அப்டியே இருக்காங்க, கை மரத்துப் போய்" என்று கயல் என்னிடம் சொன்னாள்.

இரண்டாவது முறை கரு தங்கவில்லை. அதற்குப் பிறகு முயல்வதற்கு முட்டையும் இல்லை. முப்பத்துமூன்று வயதில் கயலுக்கு மாதவிடாய் நின்றது. வேறொரு பெண்ணின் முட்டையைக் கொண்டு முயலலாம் என்று மருத்துவர் சொன்னார். கயலும் அருணும் யோசித்துப் பார்த்துவிட்டு, இனி போதும் என்று முடிவெடுத்தார்கள். இதை எழுதும்போது கயலுக்கு முப்பத்தாறு வயது. அவளுக்குக் குழந்தை இல்லை.

அக்காவின் சிரிப்பு அதன்பின் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. "அழகு குடுத்தேன், படிப்பு குடுத்தேன்னு பீத்திகினு இருந்தேன். இதையும் குடுத்திருக்கேன் பாரு" என்று ஒரு நாள் ரயிலில் சொன்னார். உங்கள் குற்றம் இல்லை என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். உடம்பு செய்ததற்கு நான் பொறுப்பில்லை, வாய் செய்யாததற்குப் பொறுப்பு என்பார்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு முறை நெம்மேலிக்குப் போய்விட்டு வந்து, பெரிய செய்தி கொண்டுவந்தவர் போல என் மேசைக்கு வந்தார். "டேபிள் மேல வச்சிருக்கா மாலதி" என்றார். எனக்குப் புரியவில்லை. "மாத்திர. ஹார்மோன் மாத்திர. சாப்பாட்டு டேபிள்ல, உப்பு ஜாடி பக்கத்துல. அருண் ஃப்ரெண்டு ஒருத்தன் வந்தான், இன்னா மாத்திரன்னு கேட்டான். எனக்குச் சீக்கிரம் நின்னு போச்சு, எலும்புக்காக சாப்பிடறேன்னு நேராச் சொல்றா. அவன் சரின்னுட்டு சாம்பார ஊத்திகினான்." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள், நாற்காலியிலிருந்து எழும்போது மிதியடியில் கால் தடுக்கியது. அவ்வளவு சின்ன விழுகைதான். இடுப்பு எலும்பு முறிந்தது. மருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் எலும்பு கரைந்த ஆண்டுகள் அதிகம், மருந்து சாப்பிட்ட ஆண்டுகள் கொஞ்சம்.

செங்கல்பட்டு மருத்துவமனையில், அறுவைக்கு முன்னால் பயிற்சி மருத்துவர் ஒரு பெண் வந்து விவரம் எழுதினாள். வயது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று வரிசையாகக் கேட்டாள். மாதவிடாய் எப்போது நின்றது என்று கேட்டபோது மட்டும் குரலைத் தாழ்த்தினாள். தணிகாசலம் கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தார். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. "முப்பத்தேழு. முப்பத்தேழுன்னே எழுதிக்கம்மா, தப்பா கிப்பா எழுதிடாத" என்றார். வார்டு முழுக்கக் கேட்டது. தணிகாசலம் குனிந்து அவருடைய போர்வையைச் சரிசெய்தார்.

பக்கத்துக் கட்டிலில் தன் தாயைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெண், மருத்துவர் போன பிறகு நைசாக நகர்ந்து வந்தாள். "எனக்கும் ஒரு வருஷமா வரலக்கா. முப்பத்தொம்போதுதான் ஆவுது. வூட்ல ரத்தம் கம்மின்னு பேரீச்சம்பழம் வாங்கித் தராங்க" என்றாள். இடுப்பு முறிந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் அவளை உட்காரச் சொல்லி, எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "உனக்குப் பொண்ணு கீதா?" என்று கேட்டார். இருக்கிறாள், ஒன்பதாவது படிக்கிறாள் என்றாள். "அவளுக்கும் சொல்லி வையி. இப்ப இல்ல, புரியற வயசுல. மறந்துடாத."

அதுதான் நான் அவரோடு நெடுநேரம் இருந்த கடைசி நாள். வீட்டுக்கு வந்தபின் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். கோலை ஊன்றி நான்கைந்து அடி வைத்துக் காட்டினார். மூச்சு வாங்கியது.

காரியத்தன்று எல்லோரும் போன பிறகு தணிகாசலம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். நான் விடைபெறப் போனேன். "உக்காரும்மா" என்றார். பிறகு, "முப்பத்தேழு வருஷம் எங்கூட இருந்தா. நல்லாத்தான் வச்சிகினோம்னு நெனச்சிகினு இருந்தேன். எங்கிட்டயே பயந்துகினு இருந்திருக்கா பாரு" என்றார். ஆறுதலாக எதையாவது சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றார்.

சென்ற வாரம் விருதுநகர் போயிருந்தேன். என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. மதியம் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, "அம்மா, உனக்கு எத்தன வயசுல நின்னுச்சு?" என்று கேட்டேன். அம்மா கையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தாள், யாராவது வருகிறார்களா என்று. "எதுக்குடி இப்ப அந்தப் பேச்சு?" என்றாள். நான் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கீரையை உருவினாள். பிறகு தலையைத் தூக்காமலே, "உங்க அப்பா செத்த வருசம். நாப்பத்தொண்ணு இருக்கும். துக்கத்துல நின்னு போச்சுன்னு நெனச்சேன். யார்ட்டப் போயி கேக்க?" என்றாள். அன்று பொழுது சாயும்வரை அம்மா பேசினாள். என்னைச் சுமந்தது, எனக்குப் பின் இரண்டு கலைந்தது, உடம்பு எரிந்த எரிச்சலுக்கு ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தது எல்லாம் சொன்னாள். ஐம்பத்தொரு ஆண்டுகளில் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாதவை அவை. கீரை அப்படியே கிடந்து வாடிப்போனது.

பரமேஸ்வரி அக்கா தன் தாயிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விதான்.